குடல் புண்ணுக்குப் பீடியா?

மரக்காணம் உப்பளத்தில் உழைக்கும் எங்கள் குடும்பத்தில், காலேஜ் போன முதல் ஆள் நான். ஓயாத வயிற்றுவலிக்கு டாக்டர் “குடல் புண்” என்று மாத்திரை கொடுத்து, சிகரெட்டை விடச் சொன்னார். விட்டேன்.

உப்பு வாரும் என் மாமா சும்மா இருக்கவில்லை. “டேய், எனக்கும் குடல் புண்ணுதான். பீடிய வுட்டேன், ரத்தமா போச்சு. மறுபடி புடிச்சேன், நின்னுடுச்சு. நீயும் புடிடா!”

பிரவுசிங் சென்டரில் தேடினேன். நிகோட்டின் சிலருக்கு உதவுவதாகப் போட்டிருந்தது. யாருக்கு என்று பார்க்காமல் பீடியைப் பற்றவைத்தேன்.

சில வாரங்களில், வலி தாங்காமல் பாத்தி வரப்பிலேயே சுருண்டு விழுந்தேன். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர், கூட வந்த மாமாவையும் விசாரித்துவிட்டுச் சொன்னார்: “அவருக்குப் பெருங்குடல்ல புண்ணு. உனக்குக் கிரோன்ஸ்னு வேற நோய், குடல்ல எங்க வேணும்னாலும் புண்ணு வரும். புகை இத இன்னும் மோசமாக்கும். அவருக்கும் பீடி மருந்து இல்லப்பா. ஆபரேஷன் இல்லாம தப்பிச்ச!”

இப்போது யார் “குடல் புண்” என்றாலும், “எந்தப் புண்ணுன்னு டாக்டர்கிட்ட கேட்டியா?” என்கிறேன்.

“படிச்சவன் பயந்துட்டான்டா” என்று உப்பளத்தில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மாமா இன்னமும் பீடியை நீட்டுகிறார்.

“பேருதான் மாமா ஒண்ணு, நோவு வேற. உங்க பீடிய நீங்களே வெச்சிக்குங்க!”