பெரிய சிஸ்டர் இல்லாத கப்பல்

சலவைக்கடைக்காரிக்குச் சுறாக்கா என்று பெயர் வைத்தது தெருப் பிள்ளைகள். அதற்கு அவள் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. கோபப்பட அவளுக்கு வேறு ஆயிரம் விஷயம் இருந்தது. இடது கை முழங்கைக்குக் கீழே கிடையாது. போர்க்காலத்தில் ஆஸ்பத்திரிக் கப்பலில் நர்ஸாக இருந்தவள். கப்பல் குண்டுபட்டு மூழ்கியது, கையைச் சுறா கொண்டுபோனது. மிச்சமிருந்த கையையும் பல்லையும் வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய கட்டில் விரிப்பையும் மூலை பிசகாமல் மடிப்பாள். ஐயோ பாவம் என்று எவராவது வாய் திறந்தால் போச்சு, அவர் சட்டை கடைசியாகத்தான் வெளுப்புக்குப் போகும்.

அப்படிப்பட்டவளைத் தேடி டிவிக்காரர்கள் வந்தார்கள். கப்பல் மூழ்கிப் பிழைத்தவர்களைப் பற்றிப் படம் எடுக்கிறார்களாம். பிழைத்தவர் நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்வார். நடிகர்கள் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் அதை நடித்துக் காட்டுவார்கள். இவர் குரல் அவர்கள் காட்சிமேல் ஓடும். கடையிலேயே விளக்குப் போட்டு எடுத்தார்கள். சத்தம் வருகிறதென்று சலவை மெஷினை நிறுத்தச் சொன்னார்கள், அதற்கும் சம்மதித்தாள். தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தது அவள் புருஷன்.

சில வாரம் கழித்து டைரக்டர் மட்டும் வந்தார். ஒரே ஒரு வரி கூடுதலாகச் சொல்ல வேண்டுமாம். நடித்த காட்சியை லேப்டாப்பில் போட்டுக் காட்டினார். தண்ணீரில் ஆட்கள் துணியால் ஒருவரோடொருவர் கட்டிக்கொண்டு மிதக்கிறார்கள். சுறா வருகிறது. கப்பல் அதிகாரி துடுப்பை ஓங்கி அதன் மூக்கில் அடிக்கிறார்.

சுறாக்கா கண்ணால் பார்த்தது இதுவல்ல. அத்தனை பேரையும் கட்டுத்துணியால் பிணைத்தது தலைமை நர்ஸ், அவர்கள் எல்லோரும் பெரிய சிஸ்டர் என்று கூப்பிட்டவள். துடுப்பால் அடித்ததும் அவள்தான். அதிகாரி நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாவம், உப்புத்தண்ணீரைக் குடித்துவிட்டு நினைவில்லாமல் கிடந்தார். அவர் தலை முங்காமல் மற்றவர்கள் மாறி மாறித் தாங்கிப் பிடித்திருந்தார்கள்.

பெரிய சிஸ்டர் எங்கே என்று கேட்டாள். டைரக்டர் பொறுமையாக விளக்கினார். நர்ஸ் வேஷத்துக்கு ஏற்கெனவே சுறாக்காவாக நடிக்கும் பெண் இருக்கிறாள், இன்னொரு நர்ஸும் வந்தால் பார்க்கிறவர்கள் குழம்பிப்போவார்கள். அதனால் பெரிய சிஸ்டர் செய்ததையெல்லாம் அதிகாரிக்குக் கொடுத்தாயிற்று. அதிகாரிதான் எங்களைக் காப்பாற்றினார் என்று ஒரு வார்த்தை சொன்னால் காட்சியோடு ஒட்டிக்கொள்ளும். இல்லையென்றால் சுறாக்கா பேசிய எதுவுமே இந்தக் காட்சிகளோடு சேராது, மொத்தத்தையும் வெட்ட வேண்டியதுதான்.

ஒரு வரிதானே, சொல்லித் தொலையேன் என்று முணுமுணுத்தார் புருஷன். அவள் முறைத்த முறைப்பில் மனுஷன் இஸ்திரிப் பெட்டி பக்கம் ஒதுங்கினார்.

“வெட்டிக்குங்க சார்,” என்றாள். “அன்னிக்கு ஒண்ணா கட்டிக் கெடந்ததுல இப்ப உயிரோட இருக்கறது நான் ஒருத்திதான். அவங்களுக்கு அண்ணன் தம்பி, புள்ள குட்டி யாரும் கெடையாது. நானும் என் வாயால இல்லேன்னு சொல்லிட்டா, அப்புறம் அவங்க எங்க சார் இருப்பாங்க?”

டைரக்டர் நல்ல வார்த்தை பேசிப் பார்த்தார், அவள் மசியவில்லை. அவர் வெளியேறியதும் மெஷினைப் போட்டுவிட்டாள்.

படம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒளிபரப்பானது. இனி எந்த மூஞ்சியோடு வெளியே போவேன் என்று புருஷன் புலம்பிக்கொண்டிருக்க, அவள் பாட்டுக்குத் துணி மூட்டைகளைத் தள்ளி வைத்து நாற்காலி போட்டாள். தெருவே வந்து உட்கார்ந்தது. படம் தொடங்கியதும் டிவி சத்தத்தை நிறுத்திவிட்டு, ரிமோட்டைப் புருஷன் கையில் திணித்தாள். டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

“படத்தப் பாருங்க. கதைய நான் சொல்றேன்.”

துடுப்பு ஓங்கியபோது, அது யார் கை என்று சொன்னாள். தன் கை போனதைச் சொன்னாள். பல்லால் துணியைக் கிழித்துப் பெரிய சிஸ்டர் கட்டுப்போட்டதைச் சொன்னாள். திரையில் அதிகாரி இடுப்பு முடிச்சை அவிழ்க்கும் இடம் வந்தது. சுறாக்கா அந்த முடிச்சை விரலால் தொட்டுக் காட்டினாள்.

“எங்களுக்குக் கட்டியே துணியெல்லாம் தீந்துபோச்சு. அவங்க தொடையில கடிபட்டப்போ சுத்தறதுக்கு ஒண்ணுமில்ல. ரத்த வாடைக்குச் சுறா திரும்பவும் வரும்னு, அவங்க முடிச்ச அவங்களே அவுத்தாங்க. ‘நான் கெளம்பறேன், இவங்கள நீ பாத்துக்கோ’ன்னாங்க. டியூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போறப்ப சொல்வாங்களே, அதே மாதிரி.”

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கடைத் தையல்காரர் உள்ளே வந்தார். என்னப்பா, சத்தமே வரலையே என்று ரிமோட்டுக்குக் கை நீட்டினார். புருஷன் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

“அதெல்லாம் கேக்குது. பேசாம உக்காரு.”

தையல்காரர் மூட்டைமேல் உட்கார்ந்தார். சுறாக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.