இஞ்சினை எங்கே கேட்பது?

பைக் மெக்கானிக் தொழிலில் பாதி ஸ்பேனர், பாதி உபதேசம். ஸ்பேனர் பிடித்தால் காசு வரும், உபதேசம் செய்தால் முறைப்புதான் வரும்.

தலத்தெருவில் பட்டறை வைத்த நாளிலிருந்து என் உபதேசம் ஒன்றுதான். மீட்டரைப் பார்க்காதீர்கள், இஞ்சினைக் காதால் கேளுங்கள். திணறினால் கியரைக் குறையுங்கள், அலறினால் கூட்டுங்கள். ரெண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் அது நிம்மதியாக ஓடும், அதிலேயே போய்க்கொண்டிருங்கள். நல்லது சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் நீங்களும்தான் என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

துபாய் பழக்கம்

துபாயில் பல வருஷம் கார் ஓட்டிவிட்டுத் திரும்பிய பாய் ஒருவர், வாங்கி ஒரு மாதமே ஆன பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். வண்டி உதறுகிறதாம். ஓட்டிக் காட்டச் சொன்னேன். புறப்பட்ட வேகத்தில் நாலாவது கியருக்குப் போய், கடைத்தெருவில் நடந்து போகிறவர்களோடு சேர்ந்தே போனார். இஞ்சின் மூட்டை தூக்கிய கிழவன் மாதிரி முக்கியது.

வேகம் குறைந்தால் கியரையும் குறைக்கணும் என்று பக்குவமாகச் சொன்னேன். பாய் வண்டியை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "அங்க கியர வண்டியே பாத்து மாத்திக்கும் தம்பி. இதுக்கு இன்னும் பொறுப்பு வரலயா?"

எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர்

கலியமூர்த்தி அண்ணன் இதற்கு நேர்மாறு. விசைப்படகில் டிரைவராக இருந்தவர். அவருடைய தம்பி கடலுக்குப் போய்த் திரும்பாத பிறகு, இனி கடல் வேண்டாம் என்று அண்ணனின் மனைவி ஒற்றைக் காலில் நின்றார். அதனால் பைக்கில் ஐஸ் பெட்டி கட்டி, குரும்பகரம் பக்கம் மீன் விற்கப் போக ஆரம்பித்தார். பெட்டிப் பாரத்தோடு, வெயிலில், வழி முழுக்க இரண்டாவது கியரிலேயே முறுக்கிக்கொண்டு போவார். சூட்டில் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொண்டு வண்டி நின்றது. பிரித்துச் சரிசெய்தேன், உபதேசமும் செய்தேன், தலையாட்டினார். மூன்றே மாதத்தில் மறுபடியும் பிடித்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இப்படி அலறுவது காதில் விழவில்லையா என்று கடைவாசலில் நாலு பேர் பார்க்கக் கத்தினேன். அதற்கும் தலையாட்டினார். மறுநாள் அவர் மனைவி தனியாக வந்தார். இன்னொரு தடவை வண்டி நின்றால் படகுக்கே போய்விடுவதாக அவர் சொல்லிவிட்டாராம். அண்ணன் படகு இஞ்சின் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே இருபது வருஷம் நின்றவர் என்பது அந்த அம்மா சொல்லும்வரை எனக்கு உறைக்கவே இல்லை. "அவரு எதுக்கும் தலையாட்டிடுவாரு தம்பி. காது கேக்கலங்கிறத மட்டும் யார்கிட்டயும் சொல்லமாட்டாரு."

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

பின்சீட்டில் நான்

வண்டி தயாரானதும் அண்ணனை ஓட்டச் சொல்லி, ஐஸ் பெட்டி இருக்கிற இடத்தில் நான் உட்கார்ந்தேன். நெரவி ரோடு. கியர் மாற்ற வேண்டிய நேரத்தில் தோளைத் தட்டுவது என்று என் திட்டம். நான் தட்டினால் மாற்றுவார், தட்டாவிட்டால் அலறவிடுவார். நாளைக்குக் குரும்பகரத்துக்கு யார் கூடப்போய்த் தோளைத் தட்டுவது?

வயல் ஓரமாக அவரே வண்டியை நிறுத்தினார். கடலை விட்டபோது மனைவி வாங்கிக்கொடுத்த கனத்த செருப்பைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டினார். ஃபுட்ரெஸ்ட்டைக் காட்டி, அதன் மேல் இருக்கும் ரப்பரை எடுக்க முடியுமா என்று கேட்டார். உருவிக் கொடுத்தேன். வெறும் பாதத்தை இரும்பில் வைத்துக் கிளம்பினார். இரண்டு, மூன்று, நாலு. திணறலும் இல்லை, அலறலும் இல்லை, நான் காதால் தேடும் அதே இடத்தில் இஞ்சின் போய் நின்றது. பாலத்து ஏற்றத்தில் நான் தட்டக் கை எடுப்பதற்குள் அவர் மூன்றுக்கு வந்துவிட்டார். வெட்கமும் சந்தோஷமுமாகக் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

இறங்கியதும் அவர் காதருகே குனிந்து, இது எப்படி என்று சத்தமாகக் கேட்டேன். "போட்டுல பலகையில கால வச்சுத்தான் இஞ்சின கேப்போம். கரைக்கு வந்தா காதாலதான் கேக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."

ஒரு வருஷமாகிறது, அவர் வண்டியை நான் பிரிக்கவே இல்லை. இப்போது வண்டியை ஓட்டிப் பார்க்கப் போகும்போது நானும் செருப்பைப் பட்டறை வாசலில் கழற்றிவிட்டுத்தான் போகிறேன், திரும்பி வரும்போது அது அங்கே இருக்குமா என்பது மட்டும்தான் புதுக் கவலை.