இரண்டு முறை அறுத்த முட்டி

தொண்ணூறுகளில் செங்கல்பட்டில் எங்கள் கபடி டீமுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் மாமல்லபுரம்தான். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏழெட்டுத் தடிமாடுகள் ஏறினால் கண்டக்டருக்கே பேஜாராகிவிடும். கடற்கரை மணலில் கோடு கிழித்து, வெயில் ஏறும்வரை ஆடி, கடலில் விழுந்து, கடையில் இட்லி வடகறி அடித்துவிட்டுத் திரும்புவோம். அந்தப் பசியும் அந்த வடகறியும் இனி எந்த ஜென்மத்தில் கிடைக்கும்! டீமில் பாடிப் போகும் முதல் ஆள் நான்தான். எதிராளியைத் தொட்டுவிட்டு நழுவி வருவதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

ஒரு மேட்ச்சில் வலது முட்டிக்குள் 'டக்'கென்றது. ஜவ்வு கிழிந்துவிட்டது. தொடையிலிருந்து தசைநார் எடுத்து முட்டியில் வைத்து ஆபரேஷன் செய்தார் டாக்டர். தான் சொல்லும்வரை ஓடக் கூடாது என்றார். வலி போய்விட்டது. வலி போனால் குணமாகிவிட்டது என்றுதானே நம் ஊர்க் கணக்கு! எங்கள் கேப்டனுக்கு வேறு மணல்மேல் அபார நம்பிக்கை.

"மச்சான், தார் ரோட்டுல ஓடாத. மணல்ல ஓடு. வுழுந்தாலும் அடிபடாது. கடல் மணலு மருந்து மாரிடா."

ஓடினேன். புதையும் மணலில் பாதம் ஒரு பக்கம், முட்டி ஒரு பக்கம் திரும்பியது. புது ஜவ்வு தளர்ந்துபோனது. அது தெரியாமல் க்ரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றிக்கொண்டு வருஷக்கணக்கில் ஆடித் தீர்த்தேன். நடு ஆட்டத்தில் முட்டி நழுவும். கையால் ஒரு தட்டு தட்டிவிட்டு மறுபடி பாடிப் போவேன். அதை வீரம் என்று வேறு நினைத்தேன், முட்டாள்!

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, நின்றுகொண்டிருந்த பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முட்டி மடங்கி விழுந்தேன். மறுபடி அதே டாக்டர், மறுபடி ஆபரேஷன்.

"ஜவ்வை மாத்திட்டேன், அது நல்லா இருக்கு," என்றார் மறுநாள். "ஆனா முதல் தடவை பார்த்தப்ப உள்ளே இளநீர் வழுக்கை மாதிரி வழவழன்னு இருந்துச்சு. இப்ப மூட்டுக்குள்ள குருத்தெலும்பு பல இடத்துல தேஞ்சு கிடக்கு. அதை என்னால மாத்த முடியாது. இந்தத் தடவை லேட்டாகும். முழுசா வராமலும் போகலாம்."

"மறுபடி ஆடலாமா சார்?" எனக்கு அந்த ஒரு கேள்விதான். "பார்க்கலாம்" என்றார். நான் அதை 'ஆடலாம்' என்றே எடுத்துக்கொண்டேன்.

முதல் தடவை செய்த அதே பயிற்சிகள்தான். அப்போது மளமளவென்று தேறிய கால் இப்போது மல்லுக்கு நின்றது. காலையில் மடக்கி நீட்டினால் மாலையில் வீங்கும். வீக்கம் வடிய ஓய்வெடுத்தால் தொடை இளைத்துவிடும். மாடிப்படி இறங்கினால் நறநறவென்று சத்தம். சமையலறையிலிருந்தே என் மனைவி, "துரை எறங்கிட்டாரு" என்பாள். சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

அப்படியும் அடங்கவில்லை. காணும் பொங்கலுக்குக் கடற்கரையில் மேட்ச் என்றதும் கிளம்பிவிட்டேன். எதிர் டீம் திருவிடந்தைப் பக்கத்து ஆட்கள். அவர்களில் ஒருவன் வலை இழுத்து உரமேறிய கைக்காரன். என் கணுக்காலைப் பிடித்தால் உடும்புப்பிடி. பல வருஷமாக அவனிடம் சிக்குவதும் தப்புவதும்தான் என் ஆட்டமே.

மூச்சைப் பிடித்துக் 'கபடி கபடி' என்று இறங்கினேன். திரும்பும்போது முட்டி வலித்துத் தடுமாறி, சரியாக அவன் கைக்கு எதிரே காலை வைத்துவிட்டேன். குழந்தைகூடப் பிடித்திருக்கும். அவன் பிடிக்கவில்லை. ஏழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

அந்தக் கடற்கரையில் ஒரு வழக்கம். ஆட்டத்தை விட்டுவிட்ட பழைய ஆட்டக்காரர் வந்தால் மரியாதைக்கு ஒருமுறை பாடி வர விடுவார்கள். யாரும் தொட மாட்டார்கள். நானே எத்தனையோ பெருசுகளுக்கு அப்படிக் கை கட்டி நின்றிருக்கிறேன்.

கோட்டைத் தாண்டி வந்ததும் ஆத்திரத்தில் கத்தினேன். "ஏன்டா புடிக்கல?"

"ஒன் காலு இன்னா கதில கீதுன்னு தெர்ல? நான் புடிச்சா நீ நடக்கவே மாட்ட அண்ணாத்த," என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. "பத்திரமா வூட்டுக்குப் போ."

கேப்டன் என் தோளைத் தட்டிவிட்டு, என் இடத்தில் வேறொருவனை இறக்கினான். புது ஆள் பாடிப் போனதுமே அந்த உடும்புப்பிடிக்காரன் பாய்ந்து கணுக்காலைப் பிடித்துக் குப்புற மணலில் சாய்த்தான். அப்படி விழுந்து கிடந்தவனைப் பார்த்து எனக்கு வந்த பொறாமை, என் வாழ்நாளில் வேறு யார்மேலும் வந்ததில்லை.