ஏழாவது படத்தின் முகம்

என் வீட்டுக்காரர் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கிரேக்கக் கதை அவரைப் பிடித்துக்கொண்டது. செத்துப்போன பெண்டாட்டியை மீட்க ஒரு பாட்டுக்காரன் பாதாளத்துக்குப் போகிறான். பாட்டில் மயங்கிய அந்த ஊர் எமன், வெளியே போகும்வரை பின்னால் வருகிறவளைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறான். வாசலுக்கு வந்த அவசரத்தில் இவன் பார்த்துவிடுகிறான். அவள் போயே போய்விடுகிறாள்.

இதை ஏழு படமாக வரைந்து மதுரையில் கண்காட்சி வைக்கப் போவதாகச் சொன்னார். அந்தப் பெண்டாட்டிக்கு மாடல் நான்தான். ஈரத் தலையோடு கொல்லையில் மணிக்கணக்கில் நிற்க வைப்பார். அடுப்பில் பருப்பு தீயும். செத்தவளுக்கு இம்புட்டு வேலையா என்று கேட்டால், ஆடாமல் நில் என்பார். வாய் திட்டினாலும், அவர் என்னை அப்படிப் பார்த்துக்கொண்டே இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஆறு படம் முடிந்தது. எல்லாவற்றிலும் அவன் முன்னால், நான் பின்னால். ஏழாவதில் அவன் திரும்ப வேண்டும். அங்கே அவர் கை நின்றுவிட்டது. ஒரு மாதமாகப் படம் வரையும் துணி வெறுமையாகவே கிடந்தது. கண்காட்சிக்குப் பத்து நாள்தான் இருக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. ஒருத்தன் தலையைத் திருப்பி வரைய இத்தனை நாளா என்று சத்தம் போட்டேன்.

"எங்கம்மாவுக்குக் கொள்ளி வச்சப்ப எனக்குப் பன்னெண்டு வயசு," என்றார். "திரும்பிப் பாக்காம வாடான்னாக. நான் பாத்துட்டேன். வெறும் பொகைதான் தெரிஞ்சுச்சு. அதுலருந்து அம்மா மொகமே ஞாவகத்துக்கு வரல."

மாமியாரின் போட்டோ ஒன்றுகூட வீட்டில் கிடையாது. இத்தனை வருடம் இதை எனக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

"பெத்தவளத்தான பாத்தீங்க, அதுல என்ன குத்தம்?" என்றேன். "இந்தப் படத்துக்கு நான் நிக்க மாட்டேன். நீங்களே இன்னொருக்கா திரும்பிப் பாருங்க."

ஐந்து நாள் அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. ஆறாம் நாள், குஜிலியம்பாறையில் கட்டிக்கொடுத்த அவருடைய அக்கா பச்சைக் கடலை கொண்டுவந்தார். காயாத படத்துக்கு முன்னால் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். படத்தில் பாட்டுக்காரன் திரும்பியிருந்தான். பின்னால் நின்றது நான் பார்த்தே இராத ஓர் அம்மாள். நாத்தனாருக்கு நாங்கள் கதையைச் சொல்லவில்லை. யாரை வரைந்தது என்றும் சொல்லவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியைத் திட்டினார்.

"ஏன்டா, அம்மாவ இம்புட்டு மெலிவாவா வரஞ்சு வைப்ப? அவுக கன்னம் இன்னும் கொஞ்சம் பூசுனாப்புல இருக்கும்."