பன்றிக்குப் புரியாத பேச்சு

பட்னொங்கொன் ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், யாருடைய பன்றி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினாலும், அந்தச் செய்தி தெர்யோவின் வாய் வழியாகத்தான் எங்களுக்கு வரும். மூன்று சக்கர வண்டியின் கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு கடற்கரைத் தெருவிலிருந்து மலையடிவாரம் வரை சொல்லிக்கொண்டே போவார். மூத்த ஆண்களை நாங்கள் ‘நோங்’ என்போம், இளம்பெண்களை ‘இந்தாய்’ என்போம்; அவர் ஊருக்கே நோங் தெர்யோ.

குரல், ஆற்றில் கல் உருள்வது போல இருக்கும். எங்கள் கினராயா பேச்சே அப்படித்தான். பட்டணத்து இலோங்கோக்காரர்கள் ‘ல’ சொல்கிற பல இடங்களில் எங்களுக்கு ‘ர’தான் வரும். மழை அவர்களுக்கு உலான், எங்களுக்கு உரான். ‘இல்லை’ என்பதை அவர்கள் வாலா என்று இழுப்பார்கள். நாங்கள் வாரா என்று வெட்டிவிடுவோம்.

நான் அப்போது ஊர்ச் சதுக்கமான பிளாசாவில், மருந்துக்கடைக்கு எதிரே பிபிங்கா என்கிற அரிசி அப்பம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தேன். அந்தக் கடையைக் கவனித்துக்கொள்ள, கடைக்காரியின் அக்கா மகள் சால்வசியோன் இலோய்லோ பட்டணத்திலிருந்து வந்து சேர்ந்தாள். வந்த வாரமே நோங் தெர்யோவின் வண்டியைக் கைகாட்டி நிறுத்தினாள்.

“ஏங்க, ஒரு பன்னியத் தேடறதுக்கா இவ்வளவு கோவம்?”

“கோவமில்ல, இந்தாய். என் குரலே இப்படித்தான். உங்க ஊர்லதான் வீடு பத்தி எரிஞ்சாக்கூடத் தாலாட்டு மாதிரி கத்துவாங்களாமே?”

“எரியட்டும், அப்ப பாடிக் காட்டறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு மனிதருக்குத் தினமும் தலைவலி. “நோங், இத்தன மாத்திரை தின்னா தலையே இருக்காது” என்றேன். “நீ பிபிங்கா கருகாமப் பாரு” என்றார்.

மாத்திரை வாங்கப் போனவர் அவள் பேச்சையும் வாங்கி வந்தார். ஒருநாள் காலை ஒலிபெருக்கியில் பட்டணத்து மொழி கேட்டது. தோமாசாவின் சினைப்பன்றி காணாமல் போன செய்தி, தேன் தடவினாற்போல, ஒவ்வொரு சொல்லும் வால் நீண்டு ஒலித்தது. சந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். தோமாசா ஓடிவந்து வண்டியை மறித்தாள்.

“யோவ் தெர்யோ! என் பன்னி மலங்காட்டுப் பன்னிய்யா. இந்தப் பட்டணத்துப் பேச்சு அதுக்கு எங்க புரியப்போவுது? ஒழுங்கா நம்ம பேச்சுல கூப்பிடு!”

கூட்டம் ஆர்ப்பரித்தது. அவர் காது சிவந்துபோயிற்று. அந்தச் சமயத்தில் சால்வசியோன் கடையிலிருந்து இறங்கி வந்தாள். அவள் சிரிக்கவில்லை.

“ஏன் மாத்திப் பேசறீங்க?”

“உனக்குப் பிடிக்குமேன்னுதான்.” பிறகு, எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, அதே பட்டணத்துப் பேச்சில் கேட்டார். “அங்க... உனக்குன்னு யாராச்சும் இருக்காங்களா?”

அவள் “வாரா” என்றாள். எங்கள் ர. நாக்கு சரியாக உருளவில்லை. ஆனால் ர தான்.

மைக்கை அணைக்க மறந்திருந்தார். பிளாசா முழுக்க அந்த ‘வாரா’ கேட்டது. மாதா கோயில் படியில் உட்கார்ந்திருந்த கிழவர்கள்கூடக் கைதட்டினார்கள். பன்றி மறுநாள் தானாகவே வீடு திரும்பியது.

கல்யாணத்துக்குப் பிறகு என் பக்கத்து வீட்டில்தான் குடியிருந்தார்கள். பிள்ளை இல்லை. அவள் கோபம் வந்தால் பட்டணத்துப் பேச்சில்தான் திட்டுவாள். சுவருக்கு இந்தப்புறம் எனக்கு அது கொஞ்சுவதாகவே கேட்கும். அவர் “சாப்பிட்டியா?” என்று கேட்டால் அடிக்கப் போகிறார் என்று தோன்றும். என் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள், “பாவம் அந்தப் பொண்ணு” என்பார்கள். எனக்குச் சிரிப்பு வரும்.

தலை நரைத்தபின், ஒரு கோடையில், முற்றத்தில் ஒலிபெருக்கிக் கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மருத்துவரைக் கூட்டிவருவதற்குள் எல்லாம் முடிந்துபோனது.

ஊருக்குச் சொல்ல வேண்டுமே. சொல்லுகிற வாய்தான் அடங்கிவிட்டதே. அவருடைய அண்ணன் மகன் மைக்கை எடுத்தான், அழுகைதான் வந்தது. சால்வசியோன் அதை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

“நீ வண்டிய ஓட்டு. மெதுவா.”

கடற்கரைத் தெருவில் தொடங்கினாள். கினராயாவில்தான் சொன்னாள். இத்தனை வருடத்தில் அவள் வீட்டுக்கு வெளியே எங்கள் பேச்சை அவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை. “நம்ம தெர்யோ இன்னிக்குக் காலையில போயிட்டாரு. எல்லாரும் வந்து பாருங்க. சோறு வடிச்சிருக்கு, சாப்பிட்டுப் போங்க.” சோற்றைக் குறிக்கும் எங்கள் சொல்லின் கடைசி அசையில் ஓர் ஒலி உண்டு. பட்டணத்தார் உதட்டைக் குவித்து ஓ என்பதை நாங்கள் குவிக்காமல் பல்லிடுக்கில் நசுக்குவோம். வெளியூரார் யாருக்கும் அது வராது. அவளுக்கு வந்தது. ஆண்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். தோமாசா வண்டியின் பின்னாலேயே நடந்தாள்.

ஒன்பது நாள் செபம் முடிந்தது. அவளைத் திரும்ப அழைத்துப்போகப் பெட்டி கட்ட அவளுடைய தங்கை பட்டணத்திலிருந்து வந்திருந்தாள். “இங்க இனிமே உனக்கு யாரு இருக்காக்கா?” என்று நச்சரித்தாள். சால்வசியோன் அவளுக்கு மீன்குழம்பு ஊற்றினாள்.

மறுநாள் காலை பிபிங்கா அடுப்பின் தணலை மாற்றிக்கொண்டிருந்தேன். வண்டிச் சத்தம் கேட்டது. திரையரங்கில் புதுப்படம், சனிக்கிழமை இரண்டு காட்சி என்று அவள் குரல் தெரு முனையில் திரும்பியது. எழுந்து கையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு, கதாநாயகியின் பெயரைத் தப்பில்லாமல் சொல்வதிலேயே குறியாக இருந்தாள்.