அரை நாக்கும் மூன்று கேள்விகளும்

அடுத்தவளின் வாய்க்குள் எட்டிப் பார்ப்பதில் உங்களுக்கு என்ன இவ்வளவு ஆசை? என்ன நோய், எப்படி வந்தது, எவ்வளவு வெட்டினார்கள், இனி எத்தனை நாள் என்று கேட்கிறீர்கள். கேட்க வெட்கமாக இல்லையா? என் வீட்டுக்கு வந்தவர்களும் இதையேதான் கேட்டார்கள். அவர்களாவது கையில் ஒரு பிஸ்கற் பெட்டியோடு வந்தார்கள்.

ஆனால் உங்களில் ஒருவர் இந்த நேரம் வாயில் ஆறாத புண்ணொன்றை வைத்துக்கொண்டு, அதை நாக்கு நுனியால் தடவித் தடவி இதை வாசித்துக்கொண்டிருக்கலாம். அவருக்காக மட்டும் எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டுப் போங்கள்.

எனக்கு நாக்கின் இடது ஓரத்தில் முதலில் ஒரு வெள்ளைப் படை வந்தது. நாற்பது வருடம் வெற்றிலையோடு புகையிலையும் சேர்த்துப் போட்டவள் நான். சுண்ணாம்பு கூடிச் சுட்டுவிட்டது என்று நினைத்தேன். அதற்கு நான் செய்த வைத்தியம் என்ன தெரியுமா? இடது பக்கம் புண் என்பதால் வெற்றிலையை வலது பக்கத்தில் அடக்கினேன். இப்படி ஐந்து மாதம்.

புண் வலிக்கவில்லை. வலிக்காத புண் நல்ல புண் என்று இருந்துவிட்டேன். நீங்கள் அப்படி இருக்க வேண்டாம். இரண்டு மூன்று கிழமையில், அதாவது பதினைந்து இருபது நாளில், ஆறாத புண், வலித்தாலும் வலிக்காவிட்டாலும், மருத்துவர் பார்க்க வேண்டிய புண்.

கடைசியில் கண்டுபிடித்தவள் என் மகள் கலா. கண்ணால் அல்ல, காதால்.

"அம்மா, ஏன் வாய்க்குள்ளை கொழுக்கட்டையை வச்சுக்கொண்டு கதைக்கிறமாதிரிக் கதைக்கிறியள்? ஆவெண்டுங்கோ பாப்பம்."

ஆவென்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் பிடித்தது.

ஆஸ்பத்திரியில் புண்ணின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி எடுத்தார்கள். அதற்கு பயொப்சி (தசைத் துண்டை எடுத்துப் பெருப்பித்துப் பார்க்கும் பரிசோதனை) என்று பெயர். முடிவு வந்த அன்று மருத்துவர் கதிரையை என் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மருத்துவர் கதிரையை இழுத்தால் நல்ல செய்தி இல்லை என்று வரிசையில் எனக்கு முன்னால் இருந்த அம்மா ஏற்கனவே சொல்லியிருந்தார்.

"புற்றுநோய் அம்மா. நாக்கிலை பாதி எடுக்கவேணும்."

"எந்தப் பாதி டொக்டர்? பொய் சொல்லுற பாதியோ, பகிடி சொல்லுற பாதியோ?"

அவர் சிரிக்கவில்லை. "இடது பாதி" என்றார்.

என் நாக்கைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். மயிலிட்டியிலிருந்து சண்டைக்குப் பயந்து ஓடியபோது எங்களுக்கு வீடு போனது, வள்ளம் போனது, அந்தக் கவலையிலேயே என் மனிசனும் போனார். நாக்கு ஒன்றுதான் குறையாமல் என்னோடு முகாமுக்கு வந்தது. மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில்களில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்தோம். அங்கே ஆட்களைச் சிரிக்க வைப்பதும் பட்டப்பெயர் வைப்பதும்தான் என் தொழில். நான் வைத்த பெயர் ஒருவரையும் விட்டுப் போனதில்லை.

பக்கத்துக் கொட்டிலில் பரிமளம் இருந்தாள். என்னைவிட ஆறேழு வயது இளையவள். அவளுடைய ஒரே மகன் ஒரு நாள் காலையில் சைக்கிளில் வேலைக்குப் போனவன், திரும்பி வரவில்லை. எந்த ராணுவச் சாவடியில் மறித்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள், இன்று வரை தெரியாது. அதோடு அவள் வாயை மூடிவிட்டாள். கேட்டால் தலையசைப்பாள், அவ்வளவுதான்.

ஒரு நாள் தண்ணீர் வரிசையில் அவள் எனக்கு முன்னால் நின்றாள். எல்லாரும் சோர்ந்துபோய் நின்ற வெயில். "பூட்டு, கொஞ்சம் தள்ளி நில்" என்றேன். வரிசை முழுவதும் சிரித்தது. அடுத்த கிழமை பிள்ளைகள் பூட்டக்கா என்றார்கள். பிறகு கிராம அதிகாரியான விதானையார் நிவாரண அட்டை கொடுக்கும்போது அந்தப் பெயரைத்தான் கூப்பிட்டார். நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். அந்தப் பெயரும் எங்களோடு லொறியில் ஏறி வந்தது.

அறுவைச் சிகிச்சைக்கு முன் என்னிடம் ஒரு பிள்ளையை அனுப்பினார்கள். நிலந்தி என்று பெயர். பேச்சுச் சிகிச்சையாளர் (பேசவும் விழுங்கவும் மறுபடி பழக்குகிறவர்). தெற்கிலிருந்து வந்த சிங்களப் பிள்ளை. தமிழ் இங்கே வந்துதான் பழகியது.

"வெட்டின பிறகு அம்மாவுக்கு ர, ல, ள எல்லாம் கஷ்டம் வரும். ப, ம, வ நிக்கும். அது உதடுதானே."

"உமக்கு நாக்கு முழுசாக் கிடந்தும் ழ வரேல்லையே, பிள்ளை."

அது சிரித்தது. பிறகு, முக்கியமாகச் சொல்ல ஏதும் இருந்தால் இப்போதே சொல்லுங்கள், போனில் பிடித்து வையுங்கள் என்றது. எது முக்கியம் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"எங்கட அம்மா மூண்டு கேள்வி சொல்லும். கதைக்க முன்னம் கேக்கவேணும். இது உண்மையா? ஆருக்கும் நல்லதா? இப்ப சொல்லுற நேரமா? புத்தர் சொல்லித் தந்தது எண்டு அம்மா சொல்லும்."

புத்தர் என்றதும் எனக்குள் ஏதோ எழும்பியது. மயிலிட்டியில் எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் ஓர் அரசமரம் நிற்கிறது. அதன் கீழ் எங்கள் பிள்ளையார் இருந்தார். ராணுவம் இருந்த காலத்தில் அந்த இடத்தில் ஒரு புத்தர் சிலை வந்தது. அவர்கள் போனபோது சிலையையும் கொண்டுபோனார்கள். சீமெந்துப் பீடம் மட்டும் கிடக்கிறது. பிள்ளையார் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது.

"உங்கடை புத்தர் எங்கடை அரசமரத்துக்குக் கீழை கேக்காமல் கொள்ளாமல் வந்து குந்தினவர், தெரியுமோ? அவர் எனக்குக் கதைக்கப் பழக்கப்போறாரோ?"



"அவர் நடந்து வரேல்லை அம்மா" என்றது நிலந்தி. "ஆரோ தூக்கிக்கொண்டு வந்து வச்சது."

எழுபத்திரண்டு வயதில் என் வாயை அடைத்த முதல் ஆள் அந்தப் பிள்ளைதான். மருத்துவர் இரண்டாவது.

கேள்விகளை நான் அன்றே பரீட்சித்துப் பார்த்தேன். கட்டிலில் படுத்துக்கொண்டு, வாழ்நாளில் பேசியவற்றை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக் கேட்டேன். மூன்றிலும் தேறி மிஞ்சியவை ஒரு கைக்குள் அடங்கும். பூட்டு என்ற பெயரையும் கேட்டேன். உண்மையா? ஒரு வகையில் ஓம். நல்லதா? வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு சிரிப்பு. நேரமா? அவளுடைய பிள்ளை காணாமற்போய் அப்போது ஒரு மாதம் கூட ஆகவில்லை.

நாக்கு முழுதாக இருக்கும்போதே அந்தப் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். சொற்களைக்கூட அடுக்கி வைத்திருந்தேன்.

வெட்டுவதற்கு முந்தைய நாள் பின்னேரம் பரிமளம் ஃபிளாஸ்கில் உளுத்தங்கஞ்சியோடு வந்தாள். கனடாவில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு அனுப்பக் கலா என் பேச்சைப் போனில் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் என்னையே பார்த்தபடி இருந்தார்கள். பார்க்க ஆட்கள் இருந்தால் என் நாக்கு என் சொல் கேட்காது.

"வா பூட்டு, வா. நாளையிலையிருந்து ஊரிலை ரெண்டு பூட்டு."

வார்டு முழுவதும் சிரித்தது. பரிமளமும் சிரித்தாள். கஞ்சியை மேசையில் வைத்தாள், மூடியை இறுக்கினாள், போனாள்.

முழு நாக்கால் நான் பேசியதில் போனில் கடைசியாக இருப்பது அதுதான். பேரப்பிள்ளைகள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரிக்கிறார்களாம்.

கண் விழித்தபோது கழுத்தில் ஒரு துளை இருந்தது. அதற்குள் குழாய் வைத்து மூச்சு விட வைத்தார்கள். மூக்கால் இன்னொரு குழாய், அது சாப்பாட்டுக்கு. கழுத்தின் இடது பக்கத்து நிணநீர்க்கணுக்களை (நோய் பரவும் வழியில் இருக்கும் சிறு முடிச்சுகள்) எடுத்திருந்தார்கள். இடது முன்கையிலிருந்து தோலையும் தசையையும் வெட்டி, நாக்கின் மீதியோடு சேர்த்துத் தைத்திருந்தார்கள். கை நீட்டிச் சண்டை பிடித்தவளுக்குக் கையையே வாய்க்குள் வைத்துவிட்டார்கள் என்று சொல்ல ஆசைப்பட்டேன். சொல்ல ஒன்றும் வரவில்லை. எச்சில் மட்டும் வந்தது.

எச்சில் வந்துகொண்டே இருந்தது. அதைக் குழாய் வைத்து உறிஞ்சும்போது உயிர் போய் வரும். என் வாயின் மணம் எனக்கே பொறுக்கவில்லை. இதை மறைத்து எழுதினால் உங்களுக்கு உதவாது.

நிலந்தி ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டுவந்தது. பயம் வந்தால் மூக்கு நுனியில் மூச்சைப் பாருங்கள், போகிறது, வருகிறது என்று மட்டும் பாருங்கள் என்றது. நான் எழுதிக் காட்டினேன்: "என்ரை மூச்சு மூக்காலை வாறேல்லை. கழுத்தாலை வருது. எங்கை பாக்கிறது?"

"அப்ப கழுத்திலை பாருங்கோ" என்றது.

பார்த்தேன். வேறு வேலையும் இல்லையே.

அதன் பலன், கழுத்துக் குழாயை எடுத்த பிறகு, கதிர்ச் சிகிச்சையில் (மிச்சமிருக்கும் நோய்க்கலங்களைக் கதிரால் எரிப்பது) தெரிந்தது. முகத்துக்கு அளவாக வார்த்த ஒரு வலைமூடியைப் போட்டு மேசையோடு பூட்டிவிடுவார்கள். அசைய முடியாது. ஆறு கிழமை, கிழமைக்கு ஐந்து நாள். மூன்றாம் கிழமையில் வாய் முழுவதும் வெந்துபோனது. வலியை என் வலி என்று பிடித்து வைக்காமல், வலி வந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள் என்று நிலந்தி சொல்லியிருந்தது. வலிக்காதவர்களுக்கு அது இலகு என்று முதலில் மனதுக்குள் திட்டினேன். பிறகு, மூடிக்குள் போக்கிடமில்லாமல் செய்து பார்த்தேன். வலி குறையவில்லை. வலியின் மேல் நான் ஏற்றி வைத்திருந்த வசவு குறைந்தது. அவ்வளவுதான். அதுவும் சின்ன விஷயமில்லை.

வீட்டுக்குப் பார்க்க வந்தவர்களையும் அந்தக் கேள்விகளில் போட்டுச் சலித்தேன். "ஒண்டும் யோசியாதேங்கோ, எல்லாம் சுகமாகும்" என்றவர் முதல் கேள்வியிலேயே விழுந்தார். "வெத்திலையை விடச் சொல்லி அப்பவே சொன்னனான்" என்றவர் மூன்றாவதில் விழுந்தார். நீங்கள் நோயாளியைப் பார்க்கப் போகிறவராக இருந்தால், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேள்விகளைக் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். பாதிப் பேர் ஒன்றும் பேசாமல் இருக்க வேண்டி வரும். நோயாளி கொஞ்சம் தூங்குவார்.

ஒன்றும் பேசாமல் இருந்தவள் பரிமளம்தான். தினமும் கஞ்சி கொண்டுவந்தாள். நான் பேச முயன்றால் மற்றவர்கள் என் வாயைப் பார்த்தார்கள், அவள் கண்ணைப் பார்த்தாள். என் குழறல் கலாவுக்கு விளங்குவதற்கு முன் அவளுக்கு விளங்கியது. "அக்கா தண்ணி கேக்கிறா." "அக்காவுக்கு வெளிச்சம் கூடிப்போச்சாம்." இத்தனை வருடம் தனக்காக ஒரு சொல் பேசாதவள் எனக்காகப் பேசினாள்.

ஒரு நாள் கொப்பியில் மன்னிப்பை எழுதி அவளிடம் நீட்டினேன். இரண்டு பக்கம். அவள் முழுவதும் வாசித்தாள். கொப்பியை மூடி என் மடியில் வைத்தாள்.

"எழுதினதை ஆரக்கா வாசிக்கப்போகினம்? பேரை வாயாலை எல்லோ வச்சனீங்கள்."

கோபமாகச் சொல்லவில்லை. கஞ்சி ஆறுகிறது என்பதுபோலச் சொன்னாள்.

அடுத்த கிழமை நிலந்தியிடம் போனபோது, பயிற்சிக்கென்று அது வைத்திருந்த அம்மா, மாமா, பாப்பா அட்டைகளை ஒதுக்கிவிட்டுக் கொப்பியில் ஒரு பெயரை எழுதினேன். நிலந்தி வாசித்துப் பார்த்தது.

"இது கஷ்டமான பேர் அம்மா. பவும் மவும் வரும். ரவுக்கும் ளவுக்கும் நாக்கு மேலை போகவேணும்."

தைத்த இறைச்சி மேலே போகாது. மீதிப் பாதிதான் போக வேண்டும். கண்ணாடிக்கு முன் தினமும் காலையும் மாலையும் சொன்னேன். முதல் மாதம் வெறும் காற்று வந்தது. இரண்டாம் மாதம், தெரிந்தவர்களுக்குத் தெரியும் அளவில் ஏதோ வந்தது. சிங்களப் பிள்ளை ஒன்று எனக்குத் தமிழ் பழக்கியது. ழ பற்றி நான் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

கதிர் முடிந்த நான்காம் மாதம், கழுத்தின் வலது பக்கத்தில் புளியங்கொட்டை அளவில் ஒன்று கையில் தட்டுப்பட்டது. இந்த முறை வெற்றிலைக்குப் பழி போட்டு நாளைக் கடத்தவில்லை. அடுத்த நாளே போனேன். படம் எடுத்துப் பார்த்தார்கள். மருத்துவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"திரும்பி வந்திட்டுது அம்மா. இனி வெட்ட ஏலாது. நோவைக் குறைக்கலாம். ஆறு மாசம், சிலவேளை கொஞ்சம் கூட."

கலா அழுதாள். நான் அவர் சொன்னதைக் கேள்விகளில் போட்டுப் பார்த்தேன். மூன்றிலும் நின்றது. அந்த மருத்துவர் நல்ல பிள்ளை.

இப்போது ஒரு கரண்டி கஞ்சி விழுங்குவதற்கு முன் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. நாடியை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, மூச்சைப் பிடித்து, விழுங்கி, இருமி. ஒரு கோப்பைக்கு ஒரு மணித்தியாலம். முன்பு நாட்கள் போனது எனக்குத் தெரியவே தெரியாது. இப்போது ஒரு மிடறு தண்ணீர் உள்ளே போகும் தூரமும் தெரிகிறது. ஆறு மாதம் என்பது பல நூறு கோப்பை. இந்த உடம்பை என் உடம்பு என்று சொல்லி வளர்த்தேன். கை வாயில் இருக்கிறது, மூச்சு கழுத்தில் இருந்தது, நாக்கு ஏதோ ஒரு போத்தலில் இருக்கிறது. இதில் எதைக் காட்டி நான் என்று சொல்வது?

மருத்துவர் அதைச் சொன்ன அன்று ஆட்டோவில் திரும்பி வந்தபோது, அரசமரத்தடியில் தண்ணீர் பவுசர் வண்டி நின்றது. வெறும் பீடத்தில் யாரோ குடத்தை வைத்திருந்தார்கள். வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர். கடைசியில் பரிமளம். இறக்கிவிடச் சொல்லிக் கலாவின் கையில் தட்டினேன்.

"என்னவாம் அக்கா டொக்டர்?"

"சுகம் எண்டவரோ?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்க ஆட்கள் இருந்தார்கள். ஒரு பகிடி நாக்கின் மீதிப் பாதி வரை வந்தது. அதை எச்சிலோடு விழுங்கினேன். பரிமளத்துக்குப் பக்கத்தில் போய் நின்று சொன்னேன்.

ஒருவருக்கும் விளங்கவில்லை. வழக்கம்போல எல்லாரும் பரிமளத்தின் பக்கம் திரும்பினார்கள். "பூட்டக்கா, நேசமக்கா என்ன சொல்லுறா?"

பரிமளம் வாய் திறக்கவில்லை. குடத்தின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு விளங்கியிருந்தது.

அதனால் அவர்களுக்கு நானே திரும்பவும் சொன்னேன். வாயைத் துடைத்து, உதட்டைச் சேர்த்து, அந்த அரைத் துண்டை மேலே தூக்கி, விளங்கும்வரை சொன்னேன்:

"இவவின்ரை பேர் பரிமளம்."