இரண்டு பழைய டியூபாக்களும் என் மன்றாட்டும்

அன்பான சகோதர சகோதரிகளே, மாதா திருநாளுக்கு நான்கே நாள் இருந்தபோது எங்கள் பள்ளிக்கூட பேண்டின் இரண்டு டியூபாக்களும் ஊமையாகிவிட்டன. நானும் உடைந்துபோனேன்.

கண்டியில் ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் நான் பேண்ட் மாஸ்டர். டியூபா என்பது பேண்டுக்கு அடிக்குரல் தரும் பெரிய பித்தளை வாத்தியம். எங்களுடையவை பட்டாளத்தில் கழித்துவிட்டவை. ஊதினால் இணைப்புகளில் காற்று போகும். விசையை அழுத்தினால் எழும்பாது. புதிது வாங்கப் பள்ளிக்கூடத்துக்கு வழியில்லை.

பள்ளிக்கூடத்தை நடத்தும் பாதிரியார், மனேஜர் சுவாமி, கூப்பிட்டுச் சொன்னார்: “மாஸ்டர், சுற்றுப்பிரகாரத்தில தேருக்கு முன்னால வாசிக்க ஏலாட்டி பேண்டைக் கலைச்சிடுவம்.”

வாசிப்பவர்கள் பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். வகுப்பில் வாய்திறக்கக் கூசுகிறவர்கள் பேண்டில் மட்டும் நிமிர்ந்து நிற்பார்கள். கோயிலில் முழங்காலிட்டு அழுதேன். “தாயே, புது டியூபா ஒன்றாவது அனுப்பும்.”

மறுநாள் பயிற்சியின்போது ஒருவர் வாசலில் வந்து நின்றார். கிழிந்த கோட்டு, வெறுங்கால். பெயர் மாரிமுத்து. பன்வில பக்கத் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், குழாய்களுக்கு ஈயம் பற்றவைக்கிறவர். காய்ச்சலில் கிடக்கும் மகளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் எங்கள் சத்தம் கேட்டிருக்கிறது.

“ஐயா, அதுல காத்து ஒழுகுதுங்க. நான் பாக்கட்டுங்களா?”

“இது ஸ்டோர் பைப் இல்ல. நீ போ,” என்றேன்.

அவர் ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தார். அன்று மாலை செபமாலை சொல்ல என் நாக்கு எழவில்லை. மாதாவிடம் உதவி கேட்டவன், வந்தவரைத் துரத்திவிட்டேனே!

விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடி, வாசலில் அவரைக் கண்டேன். “நேத்து நான் பேசினது பிழை. வாங்க,” என்றேன்.

“அதுக்கென்னங்க ஐயா, போவோம்.”

பள்ளிக்கூடத்துக்கு வந்ததும் டியூபாவைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, என்னை ஊதச் சொன்னார். குமிழி வந்த இடத்திலெல்லாம் ஆணியால் கீறினார். பிறகு ஒவ்வொன்றாக ஈயம் வைத்து அடைத்தார். விசைகளைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டதும் அவை எழும்பின; அடியில் மெத்தை தேய்ந்திருந்தது. கம்பளித் துணி கேட்டார். என் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தேன். வட்ட வட்டமாக வெட்டிவைத்தார்.

“எம்மவளுக்காகக் கொஞ்சம் வேண்டிக்குங்க ஐயா,” என்றார். அவர் முருகனைக் கும்பிடுகிறவர். பிள்ளைகள் எல்லோரும் வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டு முழங்காலிட்டார்கள். அவரும் எங்களோடு கைகூப்பி நின்றார்.

திருநாளன்று மாதா தேர் கோயில் படி இறங்கியபோது இரண்டு டியூபாக்களும் சேர்ந்து முழங்கின. சுவாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேண்டைக் கலைக்கும் பேச்சு அதோடு நின்றது. மறு வாரம் மாரிமுத்துவின் மகள் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனாள்.

புது டியூபா இன்றுவரை வரவில்லை. அதற்காக நான் மன்றாடுவதுமில்லை. இப்போது யார் வந்தாலும் எழுந்து நின்று, உட்காரக் கதிரை போடுகிறேன். துன்பத்தில் இருப்பவர்களே, அந்தத் தாயிடம் கேளுங்கள். கேட்டபின், வாசலில் நிற்பவரை உள்ளே கூப்பிடுங்கள்.